கிளாரி நுஸ்கே வந்திருந்த கூட்டம்

இறந்து முப்பத்தெட்டு நாள் கழித்து, டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கிளாரி நுஸ்கே வடமேற்கு மண்டல மேம்பாட்டுக் குழுவின் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தார். யாரபின் ஊர் மன்றத்தின் வாசற்படியில் பூட்ஸைத் தட்டினார், தொப்பியைக் கழற்றினார், "மன்னிக்கணும் தலைவரே, ரோட்டுல ஆடு" என்று சொல்லிவிட்டு, குழுவில் இருந்த பதினோரு வருஷமும் தான் உட்கார்ந்த அதே நாற்காலியில், ஒரு கால் குட்டையான அந்த நாற்காலியில், போய் உட்கார்ந்தார். கையில் ஒரு தட்டு இருந்தது. அந்தக் கோதுமைச் சீமையில் கூட்டத்துக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. முட்டை சாண்ட்விச்சோ தேங்காய்த்தூள் புரட்டிய கேக்கோ ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்தாக வேண்டும். கிளாரியின் தட்டு காலியாக இருந்தது. அன்று நடந்ததில் கிளெனிஸ் பாஸ்கோ குறை சொன்னது இது ஒன்றைத்தான். "செத்துட்டா மட்டும் காலித் தட்டு கொண்டு வரலாமாக்கும்? எங்க டல்லில இப்படி ஒருத்தனும் பண்ண மாட்டான்" என்றார். கிளெனிஸ் டல்லி ஊரின் உறுப்பினர். டல்லிக்கும் யாரபினுக்கும் நடுவே பத்தொன்பது கிலோமீட்டர் தார்ச்சாலையும் நூறு வருஷத்துப் பகையும் இருந்தன. ஆள் பற்றாமல் இரண்டு ஊர்க் கால்பந்துக் குழுக்களும் ஒன்றாகிப் பதினைந்து வருஷம் ஆகியும், சட்டை எந்த நிறம் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆட்டக்காரர்கள் முன்பக்கம் பச்சையும் பின்பக்கம் மஞ்சளுமாக ஓடினார்கள்.

கிளாரி வந்ததற்குக் காரணம் எல்வா நுஸ்கே செய்த பிழை. எல்வா குழுவின் நிர்வாகச் செயலாளர், கிளாரியின் மனைவி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய குறிப்பு எழுதும்போது போன கூட்டத்துக் குறிப்பை அப்படியே நகலெடுத்து, தேதியை மாற்றி, பெயர்களைத் திருத்துவது அவருடைய வழக்கம். நாட்டில் உள்ள எல்லாக் குழுக்களின் எல்லாச் செயலாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அன்று தேதியை மாற்றினார்; ஒரு பெயரை மட்டும் திருத்த மறந்தார். மறந்தார் என்றுதான் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. அறுவடைக் காலம். ஒன்பது உறுப்பினர்களில் நான்கு பேர் அறுவடை வண்டியை விட்டு இறங்க முடியாமல், வர இயலாமைக்கு வருத்தம் தெரிவித்துச் சேதி அனுப்பியிருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த கிளாரியிடமிருந்து மட்டும் சேதி இல்லை. வருத்தம் தெரிவிக்காதவர் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். எல்வா நின்றுகொண்டு, "வருகை தந்தோர்: பெவன் மக்கிட்ரிக், கிளெனிஸ் பாஸ்கோ, கால்நடை மருத்துவர், பேக்கரியம்மா, கிளாரி நுஸ்கே" என்று வாசித்து முடித்து, தான் வாசித்தது என்ன என்று உறைத்து, வாயைப் பொத்திய நேரத்தில் வாசலில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது.

தலைவர் பெவன் மக்கிட்ரிக், கூட்ட விதிகள் அடங்கிய பழுப்பு அட்டைப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர். அவர் மனைவி வீட்டை விட்டுப் போனபோதுகூட முன்னறிவிப்பு ஏழு நாளுக்குக் குறைவாக இருந்தது என்றுதான் வருத்தப்பட்டாராம். அவர் கிளாரியை மேலும் கீழும் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். "உறுப்பினர் உயிரோட இருக்கணும்னு இதுல எங்கயும் போடல. அஞ்சு பேர் ஆச்சு. கூட்டம் நடத்த வேண்டிய கோரம் இருக்கு. கூட்டம் தொடங்குது" என்றார். பேக்கரியம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கிளாரி மூன்று சர்க்கரை போட்டுக்கொண்டார். உயிரோடு இருந்தபோது டாக்டர் ஒன்றுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தார்.

இந்தக் குழு என்ன செய்யும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. குழுவிடம் செங்கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது, ஒரு மண்வெட்டிகூடக் கிடையாது. தலைநகரத்து அரசாங்கம் கொடுத்த ஒரு முத்திரை, ஒரு தொலைபேசி, ஒரு செயலாளர், அவர் ஓட்ட ஒரு வெள்ளைக் கார், சம்பளம் வாங்காத ஒன்பது உறுப்பினர்கள், அவ்வளவுதான். ஒருவரோடொருவர் பேசாத ஐந்து ஊர்களை ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வைப்பது அதன் வேலை. அரசாங்கத்துக்கு ஐந்து குரல் கேட்காது. ஒரு குரல்தான் கேட்கும். அப்படிப் பதினொரு வருஷம் எல்வா அந்தக் காரை ஓட்டிய தூரத்தைச் சேர்த்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் தேநீருக்கும் நிறுத்தியிருக்கலாம். கைபேசி கோபுரம் வந்தது அப்படித்தான். அதற்கு முன்னால் மகளோடு பேச வேண்டுமென்றால் கோதுமை சேர்த்துவைக்கும் உயரமான சைலோவின் உச்சிக்கு ஏறவேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வரிசை நிற்கும். வாத்துக்கறி பதப்படுத்தும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பர்மா அகதிக் குடும்பங்களுக்கு இருபத்திரண்டு வீடு வந்ததும், அவர்களுடைய பிள்ளைகளால் மூட இருந்த பள்ளிக்கூடம் பிழைத்ததும் அப்படித்தான். வராமல் இருந்தது ஒன்று. டாக்டர்.

கின்ராஸ் பெரியாஸ்பத்திரி நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நவம்பர் ஐந்தாம் தேதி காலை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எல்வா, நெஞ்சுல யாரோ மூட்டையை எறக்குற மாதிரி இருக்கு" என்று கிளாரி சொன்னார். எல்வா அவரை அந்த வெள்ளைக் காரில் ஏற்றினார். யாரபினையும் டல்லியையும் தாண்டி நெடுஞ்சாலையில் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தது. கோதுமை ரயில், நாற்பத்தாறு பெட்டி, எல்லாம் காலிப் பெட்டிகள், மெதுவாக, ஆறு நிமிடம் போனது. எல்வா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். பிறகு கேட் திறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கிளாரியின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துவிட்டு எல்வாவின் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து எல்வாவின் காதில் அந்தக் காலிப் பெட்டிகள் ஓடாத இரவு கிடையாது. ஆறு நிமிடம். சுற்று வழி ஒன்று இருந்தது, மண்பாதை, அதில் போயிருக்கலாம். போகவில்லை. அடக்கத்துக்கு எண்ணூறு பேர் வந்தார்கள், முந்நூற்றுப் பதினோரு பேர் உள்ள ஊரில்; சாப்பாட்டுக்காக டல்லி முழுவதும் வந்திருந்தது. ஒருவரும் ரயிலைப் பற்றி எல்வாவிடம் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைய அஜெண்டாவில் மூன்றாம் பொருள், இந்தப் பகுதிக்கு ஒரு மருத்துவ நிலையம். அரசாங்கம் கட்டித்தரத் தயார். டாக்டரையும் நர்ஸையும் அனுப்பத் தயார். எந்த ஊரில் என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். பிப்ரவரி இருபத்தெட்டுக்குள், முடிந்த கூட்டத்தின் கையெழுத்திட்ட குறிப்போடு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பெவன் யாரபின் என்றார். கிளெனிஸ் டல்லி என்றார். யாரபினில் மதுக்கடை இருக்கிறது, காத்திருக்கிறவர்களுக்கு வசதி என்று ஒரு வாதம். டல்லியில் மைதானம் இருக்கிறது, கால் உடைகிறவர்கள் அங்கேதான் உடைத்துக்கொள்கிறார்கள் என்று எதிர்வாதம். மூன்று மணி நேரம் போனது. சாண்ட்விச் தீர்ந்தது. கடைசியில் பெவன், "முடிவு இல்லாம கூட்டத்த முடிக்க முடியாது. ஜனவரிக்கு ஒத்திவைக்கிறேன்" என்று சொல்லி, புத்தகத்தைப் பார்த்து ஒரு விதியை வாசித்தார். ஒத்திவைத்த கூட்டம் முடிந்த கூட்டம் ஆகாது. அது அதே கூட்டம். முதல் நாள் வருகை தந்தோர் கூட்டம் முடியும்வரை வருகை தந்தோராகவே இருப்பர்.

எல்லோரும் கிளாரியைப் பார்த்தார்கள். கிளாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, எல்வாவின் கார்ப் பக்கம் நடந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் போனவர், இறந்தவர்களின் உரிமம் செல்லாது என்பது நினைவுக்கு வந்து, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் எல்வா ஓட்ட அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தது இது இரண்டாவது தடவை. எதிரே வந்த வண்டிகளுக்கு இருவரும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கும் ஊர் வழக்கப்படி சேர்ந்து விரல் தூக்கினார்கள், கிளாரி தன் முன்னால் இல்லாத ஒரு ஸ்டியரிங்கிலிருந்து. எதிரே வந்தவர்களும் தூக்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும் வாய்க்காலுக்குள் போனார்; அவர் வேற்றூர்க்காரர்.

வீட்டில் சில சங்கடங்கள் இருந்தன. கிளாரியின் பூட்ஸிலிருந்து உப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. ஊருக்கு மேற்கே ரோஜா நிறத்தில் காய்ந்து கிடக்கும் ஏரியின் உப்பு; கல்லறைத் தோட்டம் அதன் கரையில்தான். நடந்த இடமெல்லாம் வெள்ளைத் தடம். எல்வா தினம் காலையில் பெருக்கி, கீழே போட மனம் வராமல், ஊறுகாய்ப் பாட்டிலில் சேர்த்தார், அதில்தான் சமைத்தார். கூட்டத்துக்கு வந்தவர் ஆதலால் கூட்டத் தின்பண்டம் மட்டுமே அவருக்கு இறங்கியது. மூன்று வேளையும் கறித்தூள் போட்ட முட்டை சாண்ட்விச், ஓரம் வெட்டியது. எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், அஜெண்டாவில் இல்லாத எதையும் அவரால் பேச முடியவில்லை. எல்வா, "ராத்திரி குளிருதா?" என்று கேட்டால் வாய் அசையும்; அறுத்த வயலில் காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், சொல் வராது. நான்காம் பொருள், நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் ஓடும் அடிக்குழாய் என்று தொடங்கினால் மடை திறந்த மாதிரி பேசுவார். கோபுரத்தின் பழுது ஐந்தாம் பொருள். சுற்றுலா வழிகாட்டித் தாள் ஆறாம் பொருள்.

ஆகவே அவர்கள் அடிக்குழாயைப் பற்றிப் பேசினார்கள். காலைத் தேநீரோடு குழாயின் விட்டம், மாலையில் பின்வாசலில் அதன் சாய்வு. உயிரோடு இருந்த முப்பத்தாறு வருஷத்தில் மழை, ஆடு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்பதற்கு மேல் அவர்கள் பேசியது குறைவு. இப்போது கிளாரி, "கோபுரம் அஜெண்டால இருக்கறதுனால சொல்றேன், தலைவரே" என்று ஆரம்பிப்பார், தலைவரை விளிக்காமல் பேச முடியாது, பெவன் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், "கோபுரத்துக்குக் கீழ நின்னு பாத்தா நம்ம சமையக்கட்டு வெளிச்சம் தெரியுது. நல்லா தெரியுது." எல்வா அதைக் குறித்துக்கொள்வார். குறித்துக்கொண்டு, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவார், கழுவின பாத்திரத்தையே.

ஒரே ஒரு தடவை கேட்டார். "கிளாரி, அந்த ரயிலு... நான் மண்ரோட்டுல திரும்பியிருந்தா?" கிளாரியின் வாய் அசைந்தது. அறுத்த வயலின் காற்று வந்தது. அவர் மேசைமேல் இருந்த அஜெண்டாவை இழுத்து, கடைசி வரியில் விரலை வைத்தார். ஏழாம் பொருள்: இதர விஷயங்கள். அதில் எதையும் பேசலாம். அதற்கு அடுத்த வரி, கூட்டம் முடிவு.

எல்வா அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்தார்.

பதினொரு வருஷத்தில் ஒரு தாளைக்கூட இரண்டு நாள் தாமதிக்க விடாத செயலாளர், அந்த ஜனவரியில் வேறொருவர் ஆனார். ஜனவரி எட்டாம் தேதிக் கூட்டத்தில் மக்கள்தொகைப் புள்ளிவிவரம் பழையது என்றார், ஒத்திவைத்தார்கள். இருபத்திரண்டாம் தேதி வரைபடத்தில் வடக்கு தவறான பக்கம் இருக்கிறது என்றார். பார்த்தால் இருந்தது, ஒத்திவைத்தார்கள். பிப்ரவரி ஐந்தில், நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பல் இருக்கிறது என்ற கணக்கெடுப்பு இல்லாமல் எப்படி முடிவு செய்வது என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. கால்நடை மருத்துவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பெவன் தொண்டையைச் செருமி, "செயலாளர் சொல்றது நியாயந்தான். பல்லு முக்கியம்" என்றார். கிளெனிஸ்கூட, யாரபின்காரர்கள் வாய் திறந்தால் குறை கண்டுபிடிக்கிற கிளெனிஸ்கூட, "எங்கூர்ல மொத்தம் எத்தனைன்னு நானே எண்ணிட்டு வர்றேன், அதிகம் இருக்காது" என்றார். எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பது எல்வாவுக்கும் தெரியும். கிளாரி சாண்ட்விச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி பதினாறாம் தேதி கிளெனிஸின் கணவர் டெஸ் பாஸ்கோ கொட்டகையில் விழுந்தார். டெஸ்ஸின் தொண்டை அந்தச் சீமையில் பேர்போனது. டல்லி மைதானத்தில் நின்று அவர் "பந்து!" என்று கத்தினால், கையாலும் ஆடும் அவர்கள் கால்பந்தில் எதிரி பந்தை விடாமல் பிடித்திருக்கிறான், தண்டனை கொடு என்று அதற்கு அர்த்தம், கின்ராஸில் வேறொரு ஆட்டத்தில் நிற்கும் நடுவர் அதைக் கேட்டு விசில் ஊதிவிடுவார். கிளெனிஸ் அவரை வண்டியில் போட்டுக்கொண்டு ஓட்டினார். கேட் சாத்தியிருந்தது. இந்தத் தடவை பெட்டிகள் நிறைந்திருந்தன, பதினோரு நிமிடம். டெஸ் பிழைத்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

ஆறாம் நாள் காலையில் கிளெனிஸ் பத்தொன்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு எல்வாவின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு கேக். சமையலறையில் உட்கார்ந்தார். கிளாரி எதிர் நாற்காலியில் இருந்தார். அவருக்கும் ஒரு துண்டு வெட்டிவைத்தார்.

"அவனுக்கு மிச்சம் இருக்குறது 'பந்து' ஒண்ணுதான், எல்வா. தண்ணி வேணும்னா பந்து. வலிக்குதுன்னா பந்து. நேத்து என் கையப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பந்து, பந்துன்னான். என்ன சொல்றான்னு தெரியல. தெரியும். தெரியாம என்ன."

"கிளெனிஸ்..."

"நான் சண்டைக்கு வரல. எம்மேல தப்பு. டிசம்பர்லயே யாரபின்னு சொல்லியிருக்கணும். எங்கயாவது வையி. உங்க மதுக்கடைக்குள்ளயே வேணா வையி. எனக்கு டல்லி வேணாம்." கேக்கைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "ஒனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. அவன் இங்க உக்காந்திருக்கான். எம் புருஷன் எதிர்ல உக்காந்துக்கிட்டு பாலத்தப் பத்திப் பேசுனா நானும் ஏழு வருஷம் ஒத்திவைப்பேன். ஆனா இருபத்தெட்டாம் தேதி போயிடுச்சுன்னா, அடுத்தது எப்பன்னு ஒனக்குத்தான் தெரியும்."

கிளாரிதான் பேசினார். மூன்றாம் பொருள் அஜெண்டாவில் இருந்தது.

"தலைவரே, மூணாவது விஷயத்துல என் கருத்து என்னன்னா," என்றார் எல்வாவைப் பார்த்து, மெதுவாக, "நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர் ரொம்ப தூரம்."

எல்வா எழுந்து அலமாரியிலிருந்து அஜெண்டாவை எடுத்தார். மடிப்பை உள்ளங்கையால் நீவினார். தொலைபேசியில் பெவனைக் கூப்பிட்டு, பல் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்றார்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு அதே கூட்டம் ஐந்தாவது தடவையாகக் கூடியது. வெயில் நாற்பத்துநான்கு. ஈக்கள் அன்று பறக்கவில்லை, நடந்தன. கிளெனிஸ் எழுந்து மருத்துவ நிலையம் யாரபினில் வரட்டும் என்று முன்மொழிந்தபோது, டல்லியில் பிறந்த ஒருவர் வாயிலிருந்து அது வந்த அதிர்ச்சியில் மன்றத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது; இன்றும் ஓடவில்லை. கிளாரி கை தூக்கினார். திருத்தம் ஒன்று சொன்னார். ரெண்டு ஊரிலும் வேண்டாம். ஐந்து ஊர்க்காரர்களும் நெடுஞ்சாலை வழியாகத்தான் வரவேண்டும். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், கல் எறிந்தால் விழும் தூரத்தில், அரசாங்கத்துப் புறம்போக்கு இருக்கிறது. "கேட்டுக்கு இந்தப் பக்கம், தலைவரே. அத மட்டும் அழுத்தமா எழுதிக்கச் சொல்லுங்க." பெவன் வாக்குக்கு விட்டார். ஐந்து கை உயர்ந்தது. எல்வா எழுதினார். அழுத்தமாக எழுதினார், அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் மறுபக்கத்தில் இன்றும் எழுத்து தட்டுப்படும்.

பிறகு நான்காம் பொருள். பாலத்தின் அடிக்குழாயைப் பற்றி ஐந்து நிமிடம் போதும். நாற்பது நிமிடம் பேசினார்கள். கால்நடை மருத்துவர் குழாய்களின் வரலாற்றைச் சொன்னார். கோபுரப் பழுதுக்கு ஒரு மணி நேரம். ஆறாம் பொருளான சுற்றுலாத் தாளின் அட்டை நீலமா, சாம்பல் நீலமா என்பதை பேக்கரியம்மா கிளப்பினார். பதினேழு வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர் அவர். அன்று நீலத்துக்காக ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார். கிளெனிஸ் சாம்பல் நீலத்துக்காக இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தார். நடுவில் இரண்டு தடவை தேநீர் போட்டார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை; அது நின்றிருந்தது. எல்வா பேனாவைப் பிடித்துக்கொண்டு, நீலத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். கிளாரி அவருடைய கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு ஒரு நீலமும் மிச்சம் இல்லாமல் போனபோது, பெவன் எல்வாவைப் பார்த்தார். எல்வா தலையசைத்தார்.

"ஏழாம் பொருள். இதர விஷயங்கள்," என்றார் பெவன். "யாருக்காவது ஏதாவது?"

கிளாரி கை தூக்கினார். எழுந்து நின்றார், குழுவில் யாரும் எழுந்து நிற்பதில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, நவம்பர் அஞ்சாம் தேதி சம்பந்தமா. நான் கேட் வரைக்கும் போகல. டல்லி தாண்டினதும் அந்த ஒத்தை மரம் இருக்குல்ல, அங்கயே போயிட்டேன். ரயிலு வந்தப்போ வண்டில அவ மட்டுந்தான் இருந்தா. ஆறு நிமிஷத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. மண்ரோட்டுக்கும் சம்பந்தமில்ல. அவ எம்பேரச் சொல்லிக்கிட்டே ஓட்டுனா. மரம் வரைக்கும் கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு." தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "இது மினிட் புத்தகத்துல ஏறணும்னு முன்மொழியறேன்."

விதிப்படி ஒருவர் ஆமோதிக்க வேண்டும். கிளெனிஸ் பாஸ்கோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமோதிக்கிறேன்" என்றார். "டல்லி சார்பா."

எதிர்ப்பவர் யாருமில்லை. எல்வா எழுதினார். எழுதிய வரியில் மை இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது. வெயிலில் வேர்வை என்று மறுநாள் பெவன் எல்லோரிடமும் சொன்னார், யாரும் கேட்காமலே. எழுதி முடித்து எல்வா நிமிர்ந்தபோது கிளாரி பக்கத்தில் வந்து நின்றார். "இதர விஷயங்கள் இன்னும் முடியல இல்ல?" என்று கேட்டார். முடியவில்லை என்றார் எல்வா. "ராத்திரி குளிருதான்னு கேட்டியே. குளிருது. ஆனா தாங்கிக்கலாம்." எல்வா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. பிறகு போய் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, பெவன் சொல்வதற்கு முன்பே எழுதினார்: கூட்டம் முடிவு, மாலை ஏழு மணி.

ஒரு கால் குட்டையான நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது. தட்டில் பாதி கடித்த சாண்ட்விச் இருந்தது, நாற்காலிக்கு அடியில் ஒரு கைப்பிடி உப்பு. கிளெனிஸ் துடைப்பத்தை எடுத்தார். எல்வா அதை வாங்கிக்கொண்டார்.

விண்ணப்பம் இருபத்தேழாம் தேதி போய்ச் சேர்ந்தது. கட்டடம் வர இரண்டு வருஷம் ஆனது. நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டரம்மா வாரம் மூன்று நாள், நர்ஸ் ஐந்து நாள். கோதுமை ரயில் போகும்போது மருந்துப் புட்டிகள் அலமாரியில் லேசாக ஆடும், யாரும் எண்ணுவதில்லை. டெஸ் பாஸ்கோவுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பேச்சுப் பயிற்சி. நான்கு வருஷத்தில் இரண்டாவது சொல் வந்துவிட்டது. "டீ."

குழு மாதந்தோறும் கூடுகிறது. இப்போது சாம்பல் நீலத்தில் சுற்றுலாத் தாள் இருக்கிறது, பாலத்தில் அடிக்குழாய் இருக்கிறது, குழந்தைகள் காப்பகத்துக்காக ஐந்து ஊர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தின் காலையிலும் எல்வாவின் தபால் பெட்டியில் தபால்தலை ஒட்டாத உறை ஒன்று இருக்கும். உள்ளே ஒரே வரி: வர இயலவில்லை, வருந்துகிறேன், கி. நுஸ்கே. தாளின் மடிப்பில் கொஞ்சம் உப்பு. அந்த உறையைப் பிரிக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்வா உறையைக் கையில் வைத்துக்கொண்டு, 'வருகை தந்தோர்' என்ற வரிக்கும் 'வருத்தம் தெரிவித்தோர்' என்ற வரிக்கும் நடுவே பேனாவைச் சற்று நிறுத்துவார். அந்த நேரத்தில் பெவன் தண்ணீர் குடிப்பார், மற்றவர்கள் தங்கள் தட்டுகளைச் சரிசெய்வார்கள், யாரும் அவசரப்படுத்துவதில்லை. பிறகு எல்வா உறையைப் பிரித்து, இரண்டாவது வரியில் பெயரை எழுதி, உப்பை மன்றத்துச் சமையலறைப் புட்டியில் தட்டிவிட்டு வந்து உட்காருவார். சாண்ட்விச்சுக்கு அந்த உப்புதான். வருத்தம் ஏற்கப்பட்டது என்பார் பெவன். கைகள் உயரும். அடுத்த பொருளுக்குப் போவார்கள்.